நரம்பு மட்டையும் கம்பி மட்டையும்

என் வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை மழைக்காலத்தில் இன்றும் வலிக்கிறது. டாக்குத்தர் வாதம் என்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டுத் தைலத்தை வாங்கிக்கொண்டு வருகிறேன். பட்மின்டன் விளையாடி வந்த வலி என்று இந்த வயதில் சொன்னால் அவர் சிரிப்பார். பிறகு அவருக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டி வரும். அதற்கு எனக்குத் தென்பு இல்லை. எழுதுவது அவ்வளவு களைப்பில்லை. நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தேன். உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதுவதுதான் வேலை. காணி விற்றவர், வாங்கியவர், ஈடு வைத்தவர், மகளுக்குச் சீதனம் கொடுத்தவர் என்று எல்லோருக்கும் நான் எழுதினேன். கிழக்கு எல்லை இன்னாருடைய காணி, வடக்கு எல்லை ஒழுங்கை, பயன்மரங்களும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் உட்பட என்று காலையில் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் அதே சொற்கள்தான். காணிதான் மாறும். தமிழ் உறுதிக்கு அப்போது கையெழுத்தைத் தவிர வேறு வழியில்லை. ஓர் எழுத்தை வெட்டித் திருத்தினாலும் உறுதியின் முடிவில் நொத்தாரிசு அதைத் தனியாகக் குறித்து அத்தாட்சி கொடுக்க வேண்டும். அவருக்கு அது வயிற்றெரிச்சல். ஆகவே வெட்டில்லாமல் எழுதுகிறவனுக்குத்தான் அவரிடம் இடம். என் எழுத்தில் வெட்டு இருக்காது. அழகான எழுத்து என்று பட்டினத்தில் பெயர் இருந்தது. எனக்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.

வீடு இணுவிலில். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கச்சி. தங்கச்சிக்கு எழுத்துப் பழக்கியது நான் எழுதிக் கொடுத்த வரிகள்தான். அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதால் அவளுடைய எழுத்தும் என் எழுத்தின் சாயலாகவே வந்தது. நான் நொத்தாரிசிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் எனக்கு ஒரு வேலை தந்துவிட்டாள்.

"அண்ணை, என்ரை சீதன உறுதியை நீங்கள்தான் எழுத வேணும். வேறை ஆரும் எழுதப்படாது."

"முதல் மாப்பிள்ளை வரட்டும்."

"மாப்பிள்ளை வருவார். நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ."

ஓம் என்றேன். அம்மாவுக்கு அம்மாவின் வீட்டார் கொடுத்த காணிதான் தங்கச்சிக்குப் போகும். அந்தக் காணியின் நாலு எல்லையும் எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன், ஒருநாள் இவளுக்கும் எழுதுவேன் என்ற நினைப்பில்தான் அந்த வேலையில் சில வருடங்கள் ஓடின. இல்லாவிட்டால் அந்த மேசையில் ஒருவன் அப்படி இருக்க மாட்டான்.

வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சைக்கிளை மானிப்பாய்ப் பக்கம் திருப்புவேன். அங்கே ஒரு சின்ன மருந்துச்சாலையில் அப்போதிக்கரியாக இருந்த ஒருவன் எனக்குக் கூட்டாளி. அவர்களுடையது பாட்டன் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரான குடும்பம். அவனுடைய வீட்டு வளவுக்குள் பட்மின்டன் விளையாட ஓர் இடம் அடித்திருந்தான். நிலத்தைத் திமிசு போட்டு இறுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு, நடுவில் மீன் வலைக்காரரிடம் வாங்கிய வலையைக் கட்டியிருந்தான். காற்றுத்தான் சனியன். சோளகக் காற்றுத் தொடங்கினால் இறகுப் பந்து அடித்த பக்கம் போகாது, தனக்கு விருப்பமான பக்கம் போகும். ஆகவே கிடுகு வேலியை இரண்டு ஆள் உயரத்துக்கு உயர்த்தினான். யாழ்ப்பாணத்தில் ஒருவன் வேலியை உயர்த்தினால் சும்மா இருப்பார்களா? உள்ளே கள்ளுக் காய்ச்சுகிறார்கள், சேவற்சண்டை விடுகிறார்கள் என்று கதை வந்தது. கள்ளைக் காய்ச்சுவதில்லை என்பதுகூடக் கதை சொன்னவர்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் ஓர் இறகுக்குப் பின்னால் ஓடுவதைக் கண்டு, வந்த வழியே போய்விட்டார்.

நான் முதலில் மட்டையைப் பிடித்த பிடியைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உதென்ன பிடி? தோசை பிரட்டப் போறியோ?"

மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கப் பிடித்திருந்தேன். அவன் மட்டையை வாங்கி, கத்தி நிற்பதுபோல விளிம்பில் நிறுத்திக் காட்டினான். துரைமார் கை குடுக்கிறார்களே, அப்படி அதற்குக் கை குடு என்றான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கவடுபோல வருகிற இடம் மேல்விளிம்புக்கு நேரே இருக்க வேண்டும். சின்னவிரல் பிடியின் அடியில் இருக்க வேண்டும். இடது பக்கம் வருகிற பந்துக்குப் பெருவிரலை நிமிர்த்திப் பிடியின் அகலமான முகத்தில் வைத்துத் தள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு இரண்டொரு நாளில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். விரல்களைத் தளர விடுவது.

"பந்து மட்டையிலை படுற அந்தக் கணத்திலை மட்டும் இறுக்கு. மற்ற நேரம் சும்மா வைச்சிரு" என்பான். என்னால் முடியாது. காலையிலிருந்து பேனாவை இறுக்கிய விரல்கள் மட்டையையும் இறுக்கத்தான் செய்தன. விளையாட்டின் நடுவில் திடீரென்று வலைக்குக் கீழே குனிந்து வந்து என் மட்டையைப் பிடித்து இழுப்பான். கழன்று அவன் கையோடு போனால் சரி. போகாவிட்டால் அந்தப் புள்ளி அவனுக்கு. இப்படி ஒரு சட்டத்தை உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நான் முதல் மழைக்காலம் வரை அந்தச் சட்டத்தாலேயே தோற்றேன். பிறகு மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், மட்டையில் தளர்ந்த கை பேனாவிலும் தளர்ந்தது. பின்னேரம் விளையாடினால் அடுத்த நாள் எழுத்து இலகுவாக ஓடியது. அந்த ஒரு மணித்தியாலம் என்னுடைய நேரம். மற்ற நேரமெல்லாம் நொத்தாரிசுக்கும் வீட்டுக்கும் காற்றுக்கு எதிரே மிதிக்கிற சைக்கிளுக்கும் போனது.

என்னிடம் இருந்த மட்டை, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்து கூட்டாளி வாங்கித் தந்தது. தலை பாரமில்லை, பிடி மெல்லியது. நான் பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி இருக்கும். அப்படி இருப்பதுதான் கணக்கு, இடைவெளி இல்லாவிட்டால் பிடி சிறிது, விரல் எட்டாவிட்டால் பிடி பெரிது என்று அவன் சொன்னான். மட்டையின் மரச்சட்டம் வளையாமல் இருக்க, நாலு மூலையிலும் திருகாணி வைத்த பலகைக்குள் அதைப் பூட்டி வைப்போம். நரம்பைச் சுண்டினால் நல்ல சத்தம் வரும்.

நரம்பு என்றுதான் சொல்லுவோம். அது என்ன நரம்பு என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. கற்றாழை நார் மாதிரி வெளிநாட்டில் ஏதோ ஒரு நார் என்று இருந்தேன்.

ஒரு ஐப்பசி. கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். அம்மாவும் தங்கச்சியும் நானும் பிடிப்போம். மழையில் விளையாட முடியாது, ஆனாலும் பழக்கதோஷத்தில் மானிப்பாய்க்குப் போனேன். ஈரத்தில் ஒரு நரம்பு அறுந்துபோய்க் கிடந்தது. அவன் வீட்டு விறாந்தை வாங்கில் உட்கார்ந்து, அறுந்த நுனியைச் சட்டத்தின் ஓட்டைக்குள் செலுத்தப் பார்த்தேன். நுனி பிரிந்து பிரிந்து வந்தது. ஊசியில் நூல் கோக்கிறவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். வாயில் வைத்து நனைத்து, பல்லால் கடித்து முறுக்கினேன். ஒரு தரம் அல்ல. ஓட்டைக்குள் போகும் வரைக்கும் செய்தேன்.

அவன் மருந்துச்சாலையில் இருந்து வந்து படியில் செருப்பைக் கழற்றும்போது என்னைக் கண்டான்.

"அடேய், துப்படா! துப்பு!"

"ஏன்?"

"உது என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

"நரம்பு."

"என்னத்தின்ரை நரம்பு? குடலடா! ஆட்டின்ரை, இல்லாட்டி மாட்டின்ரை. காயவைச்சு முறுக்கினது."

நான் துப்பினேன். துப்ப ஒன்றும் இருக்கவில்லை, வாய் விரதத்தில் காய்ந்து போயிருந்தது. அவன் முதலில் பயந்தவன் பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பை அடக்கப் பார்த்தும் அவனால் முடியவில்லை. "சஷ்டி விரதகாரன் வாயிலை மாட்டுக்குடல்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன், கொப்பளித்தேன், தொண்டை எரியும் வரைக்கும் கொப்பளித்தேன். பிறந்ததில் இருந்து மச்சமாமிசத்தைக் கையாலும் தொடாத பரம்பரை. அவனுடைய வீட்டில் எனக்கென்று இறைச்சி படாத ஒரு மூக்குப்பேணியைத் தனியாக வைத்து அதில்தான் அவனுடைய அம்மா தேத்தண்ணீர் தருவார். அவ்வளவு கவனமாக இருந்த வீட்டில் வைத்து இப்படி நடந்தது.

வீட்டுக்கு வந்து அந்த மழையிலேயே முழுகினேன். அம்மா கேட்டார், "காலமை முழுகினனீதானே, பிறகும் ஏன்?" சேறு தெறித்துவிட்டது என்றேன். சூரன்போர் அன்று கோயில் வீதியில் சனத்துக்குள் நின்றேன். சூரன் விழுந்தான், எல்லோரும் அரோகரா என்றார்கள். என் நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது. வாய் திறந்து முருகா என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த மட்டையை இனித் தொடுவதில்லை என்று கூட்டாளிக்குச் சொன்னேன். அவன் விடவில்லை.

"உங்கடை கோயில் தவிலுக்கு என்ன, வாழையிலையோ கட்டிக் கிடக்கு? தோல்தானே. அதைக் கேட்டுக்கொண்டுதானே சாமி வெளியிலை வாறார்."

"அது சாமியின்ரை காரியம். அதிலை நான் கதைக்க ஏலாது."

"சரி, பந்திலை இருக்கிறது வாத்தின்ரை இறகு. அதை என்ன செய்யப் போறாய்?"

"இறகு உதிர்ந்தது."

"ஓம், வாத்து தானாகக் கழட்டித் தந்தது! முருகனுக்கு மயிலிறகு ஆகும், உனக்கு வாத்திறகும் ஆகும், நரம்பு மட்டும் ஆகாது. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு என்னத்துக்கு மச்சான்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பட்டினத்தில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றில் உருக்குக் கம்பி பூட்டிய மட்டைகள் இருந்தன. மழைக்கும் அசையாது, எலியும் கடிக்காது என்றார் கடைக்காரர். அதுதான் எனக்கு வேண்டியது. மட்டை வாங்கப் போகிறவன் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்க்க வேண்டும். விரலில் நடுவை வைத்துத் தலைப்பக்கம் சாய்கிறதா பிடிப்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்து வீசிப் பார்க்க வேண்டும். பிடித்து விரல் இடைவெளி பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. குடல் இல்லைத்தானே என்று மட்டும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

தலை பாரமான மட்டை அது. பிடியில் தோல் சுற்றியிருந்தது. குடலை விட்டவன் தோலை வைத்திருக்கலாமா? பிளேட்டால் கீறித் தோலைக் கழற்றிவிட்டு என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். வியர்வையில் நனைந்தால் துணி வழுக்கியது. வழுக்காமல் இருக்க இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். கடைசியில் பிடி உலக்கை மாதிரி ஆகிவிட்டது. என்னுடைய விரல்கள் நீளமானவை, மெல்லியவை. அந்தப் பிடியைச் சுற்றி அவை எட்டவில்லை. எட்டாத பிடியைத் தளரப் பிடிக்க முடியாது, விழுந்துவிடும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை இறுக்கியே பிடித்தேன். கூட்டாளி வந்து இழுத்தால் மட்டை கழலாது. நானும் சேர்ந்து அவனோடு போவேன்.

கம்பியில் பந்து படும்போது நரம்பில் வருகிற சத்தம் வராது. கிறீச்சென்று ஒரு சத்தம். அந்த அதிர்ச்சி மணிக்கட்டால் ஏறி முழங்கைக்குப் போகும். தை, மாசி முழுவதும் விளையாடினேன். சுத்தமான மட்டை என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது. பங்குனி அளவில் காலையில் எழும்பும்போது பெருவிரல் உள்ளே மடிந்து கிடக்கத் தொடங்கியது. இடது கையால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் பல்லுத் தீட்டுவேன்.

பிறகு எழுத்தில் தெரிந்தது. முதல் இரண்டு வரி பழையபடி இருக்கும். மூன்றாவது வரியில் பெருவிரல் இறுகும், சுட்டுவிரல் மேலே எழும்பும், பேனா நான் சொன்ன பக்கம் போகாது. ஒருநாள் நொத்தாரிசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, எழுத்து ஏன் உப்பிடி நடுங்குது?"

"சைக்கிள் ஓடி வந்த களைப்பு ஐயா."

"இவ்வளவு நாளும் பறந்தோ வந்தனீர்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப இறக்கினார். அடுத்த மேசையில் இருந்த மற்றக் கிளாக்கரிடம் இரண்டு உறுதிகளைத் தள்ளிவிட்டார். அந்தக் கிளாக்கரின் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பிழை இருக்காது, அழகும் இருக்காது.

கூட்டாளி என் கையைப் பிடித்து அமத்திப் பார்த்தான். "மட்டையை விடு, இல்லாட்டி கம்பியை விடு. ரெண்டையும் வைச்சுக்கொண்டு உந்தக் கையாலை எழுத ஏலாது" என்றான். நரம்பு மட்டை பலகைக்குள் பூட்டியபடி இருக்கிறது, அறுந்த நரம்பை மாற்றி வைத்திருக்கிறேன், வேண்டிய நேரம் எடு என்றும் சொன்னான். நான் எடுக்கவில்லை. விளையாட்டை விடவும் இல்லை. அந்த ஒரு மணித்தியாலமும் போனால் நாளில் என்னதான் மிச்சம் என்று இருந்தது. களைத்த மனிதனுக்குப் பிடிவாதம் பிடிக்க மட்டும் எங்கிருந்தோ பெலன் வந்துவிடுகிறது.

அப்படி இருக்கும்போதுதான் தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளைக்கு மலாயாவில் ரெயில்வேயில் வேலை. லீவில் வந்திருந்தார். வைகாசியில் கலியாணத்தை முடித்துக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். எங்களுடைய பக்கத்தில் சீதன உறுதி முடியாமல் தாலி ஏறாது. நல்ல நாள் பார்த்து, உறுதி முடிக்கிற நாளையும் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் மட்டையை விட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனேன். எண்ணெய் தந்தார், கட்டுப் போட்டார், கையை ஆட்டாதே என்றார். தங்கச்சி நொச்சி இலை வதக்கி ஒத்தடம் தந்தாள். கலியாணப் பெண் அடுப்படியில் இருந்து எனக்காக இலை வதக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காலையும் கட்டை அவிழ்த்து, பழைய தாளில் அம்மாவின் காணியின் எல்லைகளை எழுதிப் பார்ப்பேன். கிழக்கு எல்லை நன்றாக வரும். வடக்கு எல்லை வரும்போது விரல் மடியும்.

"எப்பிடி அண்ணை இந்தக் கை இப்பிடி ஆனது? முந்தியும் விளையாடினனீங்கள்தானே" என்று ஒருநாள் கேட்டாள்.

அப்போதுதான் முதல் தடவையாக வீட்டில் ஒருவருக்கு அதைச் சொன்னேன். நரம்பு என்பது குடல் என்றும், விரதத்தில் அதை வாயில் வைத்தேன் என்றும், அதனால் கம்பிக்கு மாறினேன் என்றும் சொன்னேன். அவள் முகத்தைச் சுளிப்பாள், எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் இலையைத் துணியில் முடிந்துகொண்டே சொன்னாள்.

"வாயிலை வைச்சது தெரியாமல்தானே. முருகனுக்கு அது விளங்காதோ? மட்டையை மாட்டுக்கொட்டிலுக்குள்ளை கொழுவிவிட்டு, விளையாடி வந்து முழுகியிருந்தால் முடிஞ்சுது. அம்மாவுக்கும் தெரிய வராது."

எனக்கு அவள்மீது எரிச்சல் வந்தது. இவ்வளவு நாளும் நான் பட்ட பாட்டை அவள் ஒரு முடிச்சுப் போடுகிற நேரத்தில் தீர்த்துவிட்டாள். யாருடைய ஆசாரத்தை நான் காப்பாற்றினேன்? அவள் ஒத்தடத்தைக் கையில் வைத்தாள். சூடு நல்ல சுகமாக இருந்தது. எனக்கு அழுகை வந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன்.

உறுதிக்கு முதல்நாள் நொத்தாரிசின் கந்தோரில் நல்ல தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். நொத்தாரிசு கண்டும் தடுக்கவில்லை. அவருக்கும் என் ஆசை தெரியும். தலைப்பு எழுதினேன். அம்மாவின் பெயர் எழுதினேன். தங்கச்சியின் பெயரை நான் எழுதிய எழுத்துகளிலேயே அழகாக எழுதினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காணியின் பெயர், பரப்பு, கிழக்கு எல்லை வரைக்கும் வந்தது. வடக்கு என்று எழுதும்போது விரல் மடிந்து பேனா தாளில் குத்தி, மை கொட்டிவிட்டது. இன்னொரு தாள் எடுத்தேன். அதில் அவ்வளவு தூரமும் போகவில்லை. மூன்றாவது தாளை எடுக்கக் கையை நீட்டியபோது நொத்தாரிசு எழுந்து வந்து அந்தத் தாளைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இது பிள்ளையின்ரை சீதனம். வெட்டுக்கொத்து இருக்கக்கூடாது. உமக்கு நான் சொல்ல வேணுமோ?"

தாள் மற்றக் கிளாக்கரின் மேசைக்குப் போனது. அவன் என்னைப் பார்க்காமல் எழுதினான். பாவம், அவன் என்ன செய்வான். நான் எல்லைகளை வாயால் சொன்னேன்.

அடுத்தநாள் நொத்தாரிசு எங்களுடைய வீட்டுக்கே வந்தார். விறாந்தையில் மேசை போட்டு, மாப்பிள்ளை பகுதி ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் இருந்தோம். அவர் உறுதியை உரத்து வாசித்தார். அம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். பிறகு தங்கச்சி ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். புதுச் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து, பேனாவை எடுத்து, தாளைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணை, இது உங்கடை எழுத்தில்லையே."

மாப்பிள்ளையின் தகப்பன் நிமிர்ந்து பார்த்தார். "கை சுகமில்லைத்தானே" என்றேன்.

"ஒரு வரியெண்டாலும் நீங்கள் எழுதக்கூடாதோ?" என்று நொத்தாரிசைப் பார்த்துக் கேட்டாள். அவர் பதமாகத்தான் சொன்னார்: "பிள்ளை, ஒரு உறுதியை ரெண்டு பேர் எழுதினால் நாளைக்கு வழக்கெண்டு வந்தால் கோட்டிலை கேள்வி வரும். அண்ணையைச் சாட்சியாக் கையெழுத்து வைக்கச் சொல்லுவம்."

அவள் கையெழுத்து வைத்தாள். என் எழுத்தைப் பார்த்துப் பழகிய எழுத்து, நான் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. பிறகு நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். என் பெயர் கோட்டை விட்டுச் சரிந்து கீழே போனது. அந்த உறுதியில் என் கையால் எழுதியது அவ்வளவுதான். கலியாணம் நடந்தது. கப்பலும் போனது.

ஆவணி அளவில் கை திரும்பியது. கம்பி மட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டேன். கூட்டாளியிடம் போய்ப் பழைய நரம்பு மட்டையை எடுத்தேன். அவன் ஒரு வார்த்தை பகிடியாகச் சொல்லவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. வலைக்குக் கீழே குனிந்து வந்து இழுத்தான். மட்டை கழன்று அவன் கையோடு போனது.

நொத்தாரிசு எனக்குத் திரும்பவும் உறுதிகளைத் தந்தார். நான் முழுதாக எழுதி முடித்த முதல் உறுதி உடுப்பிட்டியில் இருந்து வந்த ஒருவருடையது. மகளுக்குச் சீதனம். நாலு எல்லையும் ஒரு வெட்டில்லாமல் வந்தது. அந்த மனிதர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன வடிவான எழுத்து. உப்பிடி எழுத்திலை உறுதி கிடைக்க என்ரை பிள்ளை குடுத்துவைச்சவள்."

ஓம் என்றேன். பேனாவைக் கழுவி வைத்தேன். அன்று மானிப்பாய்க்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனேன். அம்மா தனியாக இருந்தார்.